சுற்றிப் போன கேபிள்

அத்தியாயம் பதினேழு

அலுவலக அறையின் ஆணியில் அந்தச் சுருள் அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவன் போய் எட்டு மாதமாகிறது. கிடங்குச் சாலையில் மூடியைத் திறந்து கேபிள் குழிக்குள் இறங்கியவன், ஏறி வரவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருதயம் நின்றுபோயிருந்தது. மடியில் ஒரு கருப்புக் கேபிள் சுருள், தூங்கிப்போன பிள்ளையைப் போலக் கிடந்தது. அதை மாமனார்தான் தன் கையால் எடுத்து வந்து ஆணியில் மாட்டினார். அதன் பிறகு யாரும் அதைத் தொட்டதில்லை. தூசி தட்டக்கூட இல்லை.

அன்று முதல் அவன் மனைவி, இந்த வீட்டு மருமகள், அழவும் இல்லை. போன வாரம் வந்துபோன உறவுக்கூட்டம் அதைத்தான் பேசிவிட்டுப் போனது. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா, பிறந்த வீட்டுக்கு அனுப்பி வையுங்க" என்று மாமனாரின் தங்கை காதோடு சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. "லேப் வேலை பாக்கி இருக்கு" என்று மட்டும் மருமகள் பதில் சொன்னாள். பதிலைக் கேட்ட பிறகு அவர்களுக்கு அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச விஷயம் கிடைத்தது.

ரத்தப் பரிசோதனை லேபுக்கு இரண்டு லைன் கொடுக்கிற அந்த வேலை முடிய வேண்டிய நாள் இன்றுதான்.

ஊர் முழுக்கக் கண்ணாடி இழைகளை ஓட்டி வைத்திருப்பது பெரிய கம்பெனி. அவர்களுடைய எக்ஸ்சேஞ்சிலிருந்து வாடிக்கையாளரின் கட்டடம் வரை கேபிள் இழுத்து, பெட்டி பொருத்தி, சோதித்து, "இனிமே இது உங்களோடது" என்று ஒப்படைக்கிற கடைசித் தூரம் இந்தக் குடும்பத்தின் தொழில். மெட்ரோ ஈதர்நெட் என்று கம்பெனிக்காரர்கள் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். மாமியாரான அத்தை அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லும் விளக்கம் வேறு. "ஊருக்கு அந்தக் கோடியில ஒரு ஆபீஸ், இந்தக் கோடியில ஒரு ஆபீஸ் இருந்தா, நடுவுல சுவரே இல்லாத ஒரே வீடா ஆக்கிடுவாங்க எங்க பசங்க." பசங்க என்று பன்மையில் சொல்வதை அத்தை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தார். வீட்டுக்குள்ளேயே அவர் நாலு பேர் நடுவில் நிற்பவரைப் போலத்தான் நடப்பார்.

"லேப் டாக்டரம்மா என்ன சொன்னாங்க தெரியுமில்ல?" என்றார் மருமகளிடம். "காகிதமெல்லாம் கம்பெனிக்குக் கொடுங்க, எனக்கு வேண்டாம். நீங்களே வந்து என் முகத்தைப் பார்த்து, ரெண்டு லைனும் ரெண்டு ரோட்டுல வருதுன்னு சொல்லுங்க, அது போதும்னாங்க. இந்தக் காலத்துல யாரு அப்படி நம்பிக் கேக்கறாங்க?"

"தெரியும் மாமா."

"சாயங்காலம் நான் வரேன். வந்து சொல்றேன். பெரியவன் ஆரம்பிச்ச வேலை, அவன் பேருல முடியணும். அதுக்குள்ள நீ சோதிச்சு வச்சிடு."

"சரி மாமா."

"முதல்ல அவ ரெண்டு வாய் சாப்பிடட்டும்," என்றாள் அத்தை. "நீங்க பேச ஆரம்பிச்சா தட்டுல இருக்கிறதுகூட பயந்து ஆறிப்போகுது."

பெரியவனின் தம்பி சின்னவன் சிரிக்கவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, "அண்ணி, வெளிய இருக்கேன்" என்று எழுந்து போனான். அவன் தட்டில் பாதி அப்படியே இருந்தது.

லேபுக்குக் கிடங்குச் சாலை வழியாகப் போனால் பக்கம். வண்டி திருப்பத்தில் வேகம் குறைந்து, பூங்காச் சாலைக்குத் திரும்பியது. மருமகள் மடியில் ஒளிமீட்டர் பெட்டியை வைத்துக்கொண்டு, வெளியே ஓடும் பூங்கா வேலிக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவை கம்பிகளாக மட்டுமே தெரிந்தன.

*

லேபின் கம்ப்யூட்டர்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் 'தொடாதே' என்று எழுதி ஒட்டிவிடுவார். அவருடைய அறையில் சுவிட்சுப் பலகையில், மின்விசிறி ரெகுலேட்டரில், தண்ணீர் கேனில், அவருடைய நாற்காலியின் முதுகில்கூட அது இருந்தது.

"வாங்க மேடம். அந்தப் பெட்டியில சாயாதீங்க. அதுலயும் வேணாம். அப்படியே நடுவுல நில்லுங்க."

"தொடாம எப்படிங்க இணைக்கிறது?"

"அதைத்தான் காலையிலேர்ந்து நானும் யோசிக்கிறேன்."

மருமகள் வேலையைத் தொடங்கினாள். சின்னவன் அவளை இறக்கிவிட்டு, மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் லேபின் கலெக்‌ஷன் சென்டருக்குப் போயிருந்தான். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஒரு பெட்டி. முதல் லைனின் இழையைச் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. போனில் சின்னவனைக் கூப்பிட்டாள்.

"தெரியுதா தம்பி?"

"தெரியுது அண்ணி. உங்க பக்கத்து பிரிண்டர் இங்க வந்து நிக்குது."

"ஒரு பக்கம் அனுப்பிப் பாருங்க."

கம்ப்யூட்டர்காரரின் பிரிண்டர் முனகி ஒரு தாளைத் துப்பியது. அதில் 'வணக்கம்' என்று இருந்தது. கம்ப்யூட்டர்காரர் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"ஊருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்தா? பக்கத்து ரூம்லேர்ந்து வர மாதிரி இருக்கே! சரி, ஒன்னுதான் வேலை செய்யுதே. இன்னொன்னு எதுக்கு மேடம்?"

"ஒன்னை யாராவது தோண்டி அறுத்துட்டா இன்னொன்னு தாங்கும். அதுக்குத்தான் வேற வேற ரோடு. ரெண்டும் ஒரே குழாய்ல வந்தா, ஒரு வெட்டுக்கு ரெண்டும் போயிடும்."

"அது சரி," என்றார் அவர். குரல் கொஞ்சம் இறங்கியது. "போன வருஷம் பழைய லைனை மண்ணு தோண்டற மெஷின் அறுத்துப் போட்டுச்சு. அந்த நேரத்துல ஆஸ்பத்திரியில ஒருத்தரை ஆபரேஷன் மேசையில திறந்து வச்சிட்டு, ரத்த ரிசல்ட்டுக்காக உக்காந்திருக்காங்க. போன் பண்ணினா எடுக்கல. காகிதத்தை எடுத்துக்கிட்டு நான்தான் ஓடினேன் மேடம். அங்க லிஃப்ட் வேற வேலை செய்யல. அன்னிக்கு இறங்கின தொப்பை இன்னும் திரும்பி வரல."

"பிழைச்சாரா?"

"பிழைச்சார். அதுலேர்ந்து டாக்டரம்மாவுக்கு எல்லாமே ரெண்டு வேணும்."

இரண்டாவது லைனைச் சொருகினாள். அதுவும் பச்சை. வேகம் பார்த்தாள், முழுதாக இருந்தது. கம்ப்யூட்டர்காரர் கை தட்டினார். இன்னொருத்தராக இருந்தால் அங்கேயே பெட்டியை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

அவள் ஒளிமீட்டரை எடுத்தாள். அது இழைக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வரும் சிதறலைத் திரையில் ஒரு கோடாக வரையும். வழியில் ஜாயிண்ட் இருந்தாலோ வளைவு அதிகமானாலோ அந்தத் தூரத்தில் கோடு சற்றே தடுக்கி விழும். எவ்வளவு மண்ணுக்கடியில் கிடந்தாலும் கேபிள் தான் வந்த வழியை மீட்டரிடம் சொல்லிவிடும். பெரியவன் இதை அவளுக்கு, கல்யாணமான புதிதில், வீட்டு மொட்டை மாடியில் சொல்லிக்கொடுத்தான். மற்ற ஜோடிகள் சினிமாவுக்குப் போகும் வயதில்.

முதல் லைனின் கோடு அவளுக்கு மனப்பாடம். அதைப் பெரியவன்தான் பூங்காச் சாலையில் இழுத்தான். பூங்கா வாசலுக்கு எதிரே குழாய் சட்டென்று திரும்பும் இடத்தில் வளைவு கொஞ்சம் கூடிப்போயிற்று. அங்கே கோடு ஒரு சின்னப் படி இறங்கும். அதற்காக ஒரு வாரம் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாவது லைன் கிடங்குச் சாலை வழியாக எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டும். அந்த வழி வேறு. தூரம் வேறு. வளைவுகள் வேறு.

திரையில் கோடு வந்தது. பூங்கா வாசல் இருக்கிற தூரத்தில் ஒரு சின்னப் படி இறங்கியது.

தவறுதலாக முதல் லைனிலேயே சொருகிவிட்டோம் என்று நினைத்து எடுத்துப் பார்த்தாள். இல்லை. இரண்டாவதுதான். மறுபடி அனுப்பினாள். அதே படி. அதே ஜாயிண்ட்டுகள். அதே முடிவு. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். இரட்டைப் பிள்ளைகள் மாதிரிப் பொருந்தின.

இரண்டும் ஒரே குழாயில் வருகின்றன.

அவளுக்குள் எதுவும் நடக்கவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் அடுத்தவர் கன்னத்தைத் தொடுவது போல இருக்குமே, அப்படி இருந்தது. அந்தக் கன்னத்துக்குள் எங்கோ ஒரு எண்ணம் நகர்ந்தது. 'அவர் பொய் சொல்லிட்டார். குறுக்கு வழியில இழுத்துட்டு, கிடங்குச் சாலையில பாதி இழுத்தாச்சுன்னு சொல்லிட்டார்.' அதைக்கூட அவள் யாரோ சொல்லக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

பிறகு எழுந்து, சுவரில் இருந்த இரண்டாவது லைனின் பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கருப்பு டேப் போட்டுக் கட்டியிருந்தது. டேப்பின் நுனி பல்லால் கடித்துக் கிழித்தது போலக் கோணல்மாணலாகக் கேபிளோடு ஒட்டியிருந்தது.

பெரியவன் அப்படிக் கட்டமாட்டான். டேப்பைக் கத்தரியால் வெட்டி, நுனியை ஒரு விரல் அகலத்துக்கு மடித்துவிடுவான். அதற்குக் 'காது' என்று பெயர். "நாளைக்கு வந்து பிரிக்கிறவனுக்கு நகம் உடையக் கூடாது பாரு" என்பான். வீட்டில் மசாலா பாக்கெட்டுக்குக்கூடக் காது வைத்துத்தான் ஒட்டுவான். அத்தை அதற்கு அவனைக் கேலி செய்யாத நாளில்லை. பல்லால் கடித்துக் கிழிப்பது யாருடைய பழக்கம் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

*

சின்னவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"தம்பி, ரெண்டாவது லைன் எந்த ரோட்டுல வருது?"

"கிடங்குச் சாலையில அண்ணி."

"கிடங்குச் சாலையில பூங்கா வாசல் எங்க இருக்கு?"

அவன் வண்டிக் கதவை மூடினான். சரியாக மூடவில்லை என்று மறுபடி திறந்து மூடினான்.

"மீட்டர்ல பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன்."

"நான்தான் இழுத்தேன்," என்றான். "அண்ணன் போனதுக்கப்புறம். அப்பா ஒரே பேச்சா பேசிக்கிட்டிருந்தார். சொன்ன தேதி தவறக் கூடாது, பெரியவன் பேரு கெடக் கூடாதுன்னு. ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பினேன் அண்ணி. நிஜமா கிளம்பினேன். அந்தத் திருப்பம் வரைக்கும் போனேன். அதுக்கு மேல என்னால போக முடியல. பூங்காச் சாலை குழாய்ல இடம் இருந்துச்சு. இழுத்துட்டேன்."

"மாமாகிட்ட?"

"அண்ணன் விட்ட மிச்சத்தை முடிச்சுட்டேன்னேன். எந்தப் பக்கம்னு அவர் கேக்கல."

"நீங்களும் சொல்லல."

"நீங்க போனீங்களா?" அவன் குரல் உடைந்து மேலே ஏறியது. "ஒரு தடவையாவது அந்த ரோட்டுல போனீங்களா அண்ணி? அம்மா? அப்பா? இன்னிக்குக் காலையில நான் வண்டியைத் திருப்பினப்போ, ஏன் இந்தப் பக்கம்னு கேட்டீங்களா?"

அவள் கேட்கவில்லை. எட்டு மாதமாகக் கேட்கவில்லை. அத்தை மருந்து வாங்கப் போவது பூங்காச் சாலை வழியாக. மாமனார் எக்ஸ்சேஞ்சுக்குப் போவது பூங்காச் சாலை வழியாக. இப்படிச் செய்வோம் என்று யாரும் கூடிப் பேசவில்லை. வீடு முழுக்க ஒரு சாலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கடைசியில் கேபிளும் அப்படியே போயிருக்கிறது.

"விட்டுடுங்க அண்ணி. ரெண்டும் பச்சையாத்தானே எரியுது. எவன் வந்து தோண்டப் போறான்?"

"போன வருஷமும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

"சொன்னா யார் பேரு கெடும்னு யோசிச்சீங்களா? வேலை அண்ணன் பேருல இருக்கு. செத்தவன் ஏமாத்திட்டான்னுதான் கம்பெனியில பேசுவாங்க. என் பேரு அதுல எங்கயும் இல்ல."

அது உண்மை. சும்மா இருந்துவிட்டால் சாயங்காலம் மாமனார் வருவார், டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வார், பெரியவன் பேரில் வேலை முடியும். எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். அவளுக்கு அதில் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆனால் மாமனார் சொல்லப்போவது ஒரு வார்த்தை. தெரியாமல் சொன்னால் அது அவருடைய வார்த்தை. தெரிந்துகொண்டு அவரைச் சொல்லவிட்டால் அது அவள் சொன்ன பொய்.

*

மாமனார் மாலையில் வந்தார். புதுச் செருப்பு. தலை படிய வாரியிருந்தது. படியேறும் முன் அவரை மருமகள் மடக்கினாள்.

"மாமா, ரெண்டும் ஒரே குழாய்ல வருது."

அவர் படியில் வைத்த காலை எடுக்கவில்லை. முதலில் கேட்டது இதைத்தான்.

"அவன் செஞ்சானா?"

"இல்ல மாமா."

"எப்படிச் சொல்ற?"

"டேப்புல காது இல்ல."

மாமனார் வண்டியோரம் நின்ற சின்னவனை ஒரு முறை பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். காலரைச் சரிசெய்துகொண்டு, "வா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினார்.

டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினார். மாமனார் உட்காரவில்லை.

"சொல்ல வந்ததை என்னால சொல்ல முடியாது டாக்டர். ரெண்டாவது லைன் வேற ரோட்டுல வரல. ரெண்டும் ஒரே வழியில வருது. தப்பு எங்க வீட்டோடது."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "யார் செஞ்சது?"

"எங்க வீட்டோடதுன்னு சொன்னேனே."

"உங்க பையன் பார்த்த வேலைதானே இது? இறந்துபோனவர்?"

"அவன் செய்யல. அவனைத் தவிர யாரை வேணும்னாலும் வச்சுக்கங்க. என்னையே வச்சுக்கங்க."

டாக்டரம்மா கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்லியிருக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது இல்லையா?" என்றார் டாக்டரம்மா.

"அறுபடற அன்னிக்குத் தெரிஞ்சிருக்கும். மேசையில படுத்திருக்கிறவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"இப்ப நான் என்ன பண்ணணும்? பாராட்டணுமா, கம்பெனிக்கு போன் பண்ணணுமா?"

"போன் பண்ணுங்க. அதுதான் நியாயம்."

பண்ணினால் கம்பெனி இனி இந்த வீட்டுக்கு வேலை தராது. அங்கிருந்த மூன்று பேருக்குமே அது தெரியும். டாக்டரம்மா போனைக் கையில் எடுத்தார். மாமனாரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மருமகள் அவருடைய சட்டையின் இஸ்திரி மடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதவருகில் நின்ற கம்ப்யூட்டர்காரர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். கிடங்குச் சாலைப் பக்கம்னா... கீழ ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால சுவர்ல ஒரு கேபிள் தொங்குதே, அது எது?"

"எந்தக் கேபிள்?" என்றாள் மருமகள்.

"உங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போனது. 'நான் வந்து தொடற வரைக்கும் யாரும் தொடக் கூடாது'ன்னார். அதனாலதான் ஒட்டி வச்சேன்." அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அதுதான் முதல்ல ஒட்டினது. அப்புறம்தான் பழக்கமாயிடுச்சு."

*

ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், சுவரின் துளையிலிருந்து ஒரு கருப்புக் கேபிள் இறங்கி, அழகாகச் சுருண்டு ஒரு கொக்கியில் தொங்கியது. அதன்மேல் 'தொடாதே'. அதற்குக் கீழே டேப். டேப்பின் நுனியில், ஒரு விரல் அகலத்துக்கு மடித்த காது.

மருமகள் அதைப் பிடித்து இழுத்தாள். எந்தச் சிரமமும் இல்லாமல் பிரிந்தது. நகம் உடையவில்லை.

மாமனார் பின்னால் நின்றிருந்தார். டாக்டரம்மா கையில் போன் இன்னும் இருந்தது. அவள் இழையின் நுனியைத் துடைத்து, மீட்டரில் மாட்டி, வெளிச்சத்தை அனுப்பினாள்.

கோடு வந்தது. பூங்கா வாசல் இல்லை. வேறு வழி. கிடங்குச் சாலையின் முதல் திருப்பம், பழைய ஆலைச் சுவர், ரயில் பாதைக்கு அடியில் போகும் குழாய், எல்லாம் வரிசையாக வந்தன. கோடு எங்கும் அறுபடாமல் எக்ஸ்சேஞ்ச் வரை ஓடி, அங்கே சுத்தமாக முடிந்தது.

"முடிச்சிருக்கார்," என்றாள். தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "முழுசா முடிச்சிருக்கார் மாமா."

அந்தக் குழி எந்தத் தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திரையில் அந்த இடத்துக்குப் போனாள். அங்கேதான் கடைசி ஜாயிண்ட். அந்த இடத்தில் கோடு தடுக்கியிருக்க வேண்டும். தடுக்கவில்லை. நேராகப் போயிற்று. பெரிதாக்கிப் பார்த்தாள். அப்போதும் நேராகவே போயிற்று. அவ்வளவு சுத்தமாகச் சேர்த்திருந்தான், மீட்டருக்கே தெரியவில்லை.

மாமனார் குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கோட்டைப் படிக்கத் தெரியும். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, டாக்டரம்மா பக்கம் திரும்பி, "ஒரு மணி நேரம் கொடுங்க" என்றார்.

எக்ஸ்சேஞ்சில் அந்த இழையின் மறுமுனை ஒரு தட்டில் பெயரில்லாமல் காத்திருந்தது. சின்னவன் போய் அதை மாட்டினான். இங்கே மருமகள் பழைய இரண்டாவது லைனைக் கழற்றிவிட்டுப் பெரியவனுடையதைச் சொருகினாள். பச்சை. முதல் லைனை வேண்டுமென்றே பிடுங்கினாள். கலெக்‌ஷன் சென்டருக்குப் போய்க்கொண்டிருந்த ரிசல்ட்டுகள் ஒரு கணம் தயங்கி, கிடங்குச் சாலை வழியாகப் போகத் தொடங்கின.

டாக்டரம்மா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "இப்ப சொல்லுங்க."

மாமனார் அவருடைய முகத்தைப் பார்த்தார். "ரெண்டு லைனும் ரெண்டு ரோட்டுல வருது. என் பெரிய பையன் இழுத்தது."

*

திரும்பும்போது மாமனார் வண்டியில் முன்னால் உட்கார்ந்தார். மருமகள் பின்னால். திருப்பம் வந்ததும் சின்னவன் பழக்கதோஷத்தில் பூங்காச் சாலைப் பக்கம் ஒடித்தான்.

"நேராப் போடா," என்றார் மாமனார்.

சின்னவன் வண்டியை நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

"அண்ணி ஓட்டட்டும். நான் நடந்து வந்துடறேன்."

"இன்னும் எத்தனை நாளைக்குடா?"

"தெரியலப்பா." இறங்கி, பூங்கா வேலியோரமாக நடக்கத் தொடங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

மருமகள் வண்டியை ஓட்டினாள். கிடங்குகளின் நீளச் சுவர்கள், ஒரு லாரி, ஒரு நாய், சாலை நடுவில் ஒரு வட்ட இரும்பு மூடி. அதன்மேல் சக்கரம் ஏறியபோது 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மாமனார் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளும் நேராகப் பார்த்து ஓட்டினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வீட்டில் அத்தை வாசலிலேயே கேட்டாள். "முடிஞ்சுதா?"

"பெரியவன் எப்பவோ முடிச்சிருக்கான்," என்றார் மாமனார். அத்தை அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் உள்ளே போனாள்.

மருமகள் மீட்டர் பெட்டியை வைக்க அலுவலக அறைக்குள் வந்தாள். அலமாரியைத் திறந்தாள். வைத்தாள். மூடினாள். கை அலமாரிக் கதவிலேயே நின்றது.

முடித்திருக்கிறான். ஜாயிண்ட் போட்டு, குழியை மூடி, கட்டடம் வரை கொண்டுவந்து, காது வைத்துக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். அந்தச் சாலையில் அவனுக்கு ஒரு வேலையும் பாக்கி இல்லை.

அப்படியானால் அன்று மடியில் இருந்தது எந்தக் கேபிள்?

அவள் ஆணியருகே போனாள். எட்டு மாதத் தூசியின் மேல் கையை வைத்தாள். சுருளைச் சுற்றியிருந்த டேப்பை விரலால் தடவி, நுனியைத் தேடினாள்.

நுனி கிடைத்தது. அதில் காது இல்லை. பல்லால் கடித்துக் கிழித்த, கோணல்மாணலான விளிம்பு விரலில் உரசியது. சின்னவன் கட்டிய சுருள்; அப்படியானால் அன்று அந்தக் குழியருகே அவனும் இருந்தானா?

வெளியே வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சின்னவன் நடந்தே வந்து சேர்ந்திருந்தான்.

அவள் சுருளை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.